கெயின் மூன்றுக்குக் கீழே

கிதார் ஆம்ப் சூடாக வேண்டும், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது என்பதற்காக உடனே வாசிக்க முடியாது, உள்ளே வால்வுகள் காய்ந்து தயாராகும்வரை சும்மா விட வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டேன், சுற்றினால் மைக்கில் காற்று விழும். பாலக்கரையில் தையல் மெஷின் கடைக்கு மேலே இந்த அறை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே ஷட்டர் இறங்கியிருக்கிறது, மதிய வெயிலில் தெருவில் ஆள் இல்லை, எவ்வளவு சத்தம் வைத்தாலும் கேட்க யாரும் இல்லை, ஆனால் இன்றைக்குச் சத்தம் வேண்டாம், அதுதான் பிரச்சினை. டெல்பின் வருவாள். "நீ போய் எல்லாம் வச்சிட்டுக் கூப்பிடு சிவம், நீ குமிழ் திருகறத உக்காந்து பாத்துட்டிருக்க என்னால முடியாது" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே. காலையில் காப்பி குடிக்கும்போது, "இன்னைக்குப் பாடிப் பாக்கலாம்" என்று மட்டும்தான் சொன்னாள், வெங்காயம் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற அதே குரலில். சரி என்றேன். டாக்டர் சொன்னாரா, தொண்டை எப்படி இருக்கு என்றெல்லாம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் அவள் பதில் சொல்லவேண்டியிருக்கும், சொன்னால் மாற்றிக்கொள்வாளோ என்னவோ. ஒரு பெண்டாட்டி புருஷனிடம் பாடிப் பார்க்கலாம் என்று சொல்வதில் பயப்பட என்ன இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கிதார், அவள் பாட்டு. போதும், சூடாகியிருக்கும்.

முதல் கார்டு, கம்பிகளைச் சேர்த்து ஒரே அடி. பழைய அமைப்பு அப்படியே இருக்கிறது, கெயின், சத்தத்தை முரடாக்குகிற குமிழ், எட்டில், அடித்ததும் அறை முழுக்க ஒரு லாரி உள்ளே நுழைந்த மாதிரி, ஜன்னலில் அடைத்திருக்கும் மெத்தைகூட அதிர்ந்தது. உடனே உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அடக்கிவிட்டேன். இந்த ஆம்ப் இதற்காகவே செய்தது, கம்பியை லேசாகத் தொட்டாலும் அதை எடுத்துக் கொதிக்கவைத்துக் கொழுக்கவைத்து வெளியே தள்ளும். எங்கள் பேண்டில் நாலு பேர் இருந்தபோது இதுதான் வேண்டியிருந்தது. டிரம்ஸ் அடித்த இம்தியாஸ் ஷார்ஜா போய்விட்டான், பேஸ் வாசித்தவன் ஓசூரில் குடும்பம் குட்டியென்று இருக்கிறான், மிச்சம் நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பெட்டியும்தான். சரி, லீட் சேனல் வேண்டாம், பக்கத்துச் சேனலுக்கு மாற்று. கெயினை இறக்கு. ஆறு. இன்னும் காட்டுத்தனம்தான். ஐந்து. நாலு. நாலில் ஒரு மாதிரி டின்னுக்குள் அடைத்த வண்டு, கோபமும் இல்லை சாந்தமும் இல்லை. கெயினைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறையாது, உடம்பும் போய்விடுகிறது, எலும்பு தெரிகிறது, அதைத்தான் சரி பண்ண வேண்டும். கெயினைக் குறைத்து மாஸ்டரை, மொத்தச் சத்தத்தின் குமிழை, ஏற்று. மூன்றுக்குக் கொஞ்சம் கீழே கெயின், மாஸ்டர் இதுவரை போகாத இடத்துக்கு. ம். இப்போது கொஞ்சம் மூச்சு வருகிறது. மூச்சு. இந்த வார்த்தை ஏன் வந்தது.

மூச்சுதான் வந்தது அன்றைக்கு, அறுவை சிகிச்சை முடிந்து அறைக்குக் கொண்டுவந்த பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வெறும் காற்று வந்தது. தண்ணி என்றாளா, மணி என்றாளா, இன்றுவரை தெரியாது. தைராய்டில் ஒரு கட்டி, கெட்டது இல்லை, ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள், எடுத்தார்கள். நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, நூறில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்கள், கையெழுத்துப் போட்டதே நான்தான், அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. டாக்டர் நல்ல மனுஷன், சின்ன டார்ச்சை அணைத்துவிட்டு, "ஒரு பக்கம் கொஞ்சம் சோர்ந்திருக்கும்மா, வந்துடும், ஒரு வருஷம் பாப்போம், அதுக்கு மேல எது இருக்கோ அதுதான் உங்க குரல்" என்றார். அந்த ஒரு வருஷம் இப்போது முடியப்போகிறது. ட்ரெபிள் குத்துகிறது, குறை. கெயின் குறைந்ததும் மேல்ஸ்தாயி இப்படி ஊசியாக நிற்கும், அதிகக் கெயினில் அது மாவோடு மாவாகக் கரைந்திருக்கும். பிரசென்ஸையும் இறக்கு. பேஸ்? பேஸைக் குறைத்தால் இன்னும் ஒல்லியாகுமே என்று தோன்றும், ஆனால் குறைத்தால்தான் தெளிவு வரும். கொஞ்சம் குறைத்தேன். அடித்துப் பார்த்தேன். பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்பது இல்லை. ஏதோ நடுவில் காணோம்.

நடுவில் என்றால் மிடில், நடுச்சத்தத்தின் குமிழ். கனமான வாசிப்புக்கு மிடிலைக் குழியாகத் தோண்டிவைப்பேன், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், கீழே இடி மேலே மின்னல் நடுவில் ஒன்றுமில்லை. அந்தக் குழியில்தான் டெல்பின் நின்று பாடினாள், அவளுக்கு அங்கே இடம் தாராளமாக இருந்தது. லேசான ராக் வேண்டுமென்றால் மிடிலை நிரப்ப வேண்டும், மரத்தின் சத்தம், விரலின் சத்தம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நிரப்பினால் அவள் எங்கே நிற்பாள். பழைய டெல்பின் என்றால் கவலையில்லை. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விழாவில் மைக் செத்துப்போனபோது டிரம்ஸுக்கு மேலே வெறும் தொண்டையில் ஒரு பாட்டை முடித்தவள், முன்வரிசை மட்டுமில்லை, பின்னால் பானிபூரி வண்டிக்காரர் வரைக்கும் கேட்டது என்று இம்தியாஸ் சத்தியம் பண்ணுவான். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரல், மேலே போகப்போக அகலும். இப்போது இருக்கிற குரல் எனக்குத் தெரியாது. பேசுகிற குரல் தெரியும், லேசாக மணல் கலந்த, சாயங்காலம் ஆனால் தேய்ந்துபோகிற ஒன்று. பாடுகிற குரல் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. தெரியாத குரலுக்கு எப்படி இடம் விடுவது. மிடில் ஐந்து. இல்லை, ஆறு. இல்லை, நாலு.

முதல் மாதங்களில் ஃபோனில் எழுதிக் காட்டுவாள், அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டைத் தட்டுவாள், நான் ஓடுவேன், உப்பு டப்பா மூடி திறக்கவில்லை என்று காட்டுவாள். அப்புறம் பயிற்சி. தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு ஊதிக்கொண்டே குரல் கொடுக்க வேண்டும், காலையும் மாலையும் வீட்டில் குபுகுபுவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கத்த முடியாது என்று லைப்ரரி பீரியட் கொடுத்தார்கள், அங்கே பிள்ளைகள் இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே அமைதியாகிவிட்டார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். கேஸ் சிலிண்டருக்கு ஃபோன் பண்ணினபோது அந்தப் பக்கத்திலிருந்து "சொல்லுங்க சார்" என்றது. டெல்பின் விலாசம் சொன்னாள், நம்பர் சொன்னாள், "தேங்க் யூ சார்" என்று அந்தப் பெண் சொன்னதற்கு "தேங்க் யூம்மா" என்றாள், வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எனக்கு ப்ரமோஷன் குடுத்துட்டாங்க" என்று சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போனாள், குழாயை வேகமாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, வெகுநேரம் ஓடியது. நான் கதவுக்கு வெளியே நின்றேன், தட்டலாமா என்று. தட்டவில்லை. வெளியே வந்ததும், "குரல் நல்லாத்தான் இருக்கு டெல்பி" என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்கிறேன். குரல் நல்லாத்தான் இருக்கு, நேத்தைக்கு இன்னைக்கு நல்லா இருக்கு, ஃபோன்ல நல்லா இருக்கு. அவள் ம் என்பாள்.

உஸ் என்று ஒரு இரைச்சல் வருகிறது. அது எப்போதும் இருப்பதுதான், இரைச்சலை அறுக்க ஒரு நாய்ஸ் கேட் பெடல் வைத்திருக்கிறேன், அது கம்பி அதிர்வது குறைந்ததும் சட்டென்று வாயை மூடிவிடும். கனமாக வாசிக்கும்போது அந்த வெட்டு அழகாக இருக்கும். இப்போது கார்டை அடித்து மெல்ல அடங்கவிட்டால், அடங்குவதற்கு முன்பே கழுத்தைத் திருகின மாதிரி நின்றுவிடுகிறது. எத்தனை வருஷம் ஆயிற்று நான் ஒரு கார்டு தானாக அடங்குவதைக் கேட்டு. பெடலை மிதித்து அணைத்தேன். இரைச்சல் வந்தது, வரட்டும், கார்டின் வாலும் சேர்ந்து வருகிறது, நீளமாக. கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பைக் கிதாரின் கழுத்துப் பக்கம் மாற்றினேன், உருண்டையாக இருந்தது, ரொம்ப உருண்டை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, நடுவில் வைத்தேன், சரி. கிதாரிலேயே வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கு. இப்போது மெதுவாகத் தடவினால் தெளிவு, அழுத்தி அடித்தால் லேசாக ஓரம் கிழிகிறது. இது போதும் என்று யாருமே சொல்லியிருப்பார்கள். ஆனால் எனக்குக் கையில் பயம் வந்துவிட்டது, ஏனென்றால் இந்த டோனில் எல்லாம் கேட்கிறது. விரல் கம்பியில் நகர்கிற கீச்சு கேட்கிறது, ஒரு விரல் சரியாக அழுந்தாமல் ஒரு கம்பி செத்துப்போனால் அது கேட்கிறது. கெயின் எட்டில் நான் பெரிய வாசிப்புக்காரன், தப்பு நடந்தால் அந்த இரைச்சலே சிமெண்டு பூசி மூடிவிடும். மூன்றுக்குக் கீழே நான் யார்.

அவள் குரலும் அப்படித்தானே நிற்கப்போகிறது, மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல். பாட்டு எங்களுடைய பழைய பாட்டுதான், "பஸ்ஸு போயிடுச்சு, பரவால்ல நடப்போம்" என்று தொடங்கும், நாங்கள் இருவரும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தபோது அவள் போட்ட மெட்டு. மூன்றாவது அடியில் மேலே போகும், அங்கே "நடப்போம்" என்று இழுக்க வேண்டும், அங்கேதான் அவள் அகலுவாள். அங்கே உடைந்தால்? நான் நிறுத்துவதா, தொடர்வதா? நிறுத்தினால் உடைந்ததை ஒத்துக்கொண்ட மாதிரி, தொடர்ந்தால் கவனிக்காத மாதிரி. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. கீழே பார்த்துக்கொண்டு வாசிக்கலாம், புதிதாக இருப்பதால் விரலைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுடைய மைக்கை எடுத்து நானே அந்த அடியை மெல்லிசாக, காற்றுக் குரலில் பாடிப் பார்த்தேன், அவளுடைய இப்போதைய குரல் இப்படி இருக்குமோ என்று, ஒரு கையால் கம்பிகளைத் தட்டிக்கொண்டு. பாதியில் வெட்கமாகிவிட்டது, அவளைப் போல நடித்துக் காட்டுகிறவன் மாதிரி இருந்தது, மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டேன். ஆனாலும் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு, அந்த அளவுக் குரலுக்கு இந்தக் கிதார் அதிகம். மாஸ்டரைக் குறைத்தேன். மிடிலை மூன்றுக்கு. கெயின் ஒன்றரை. வால்யூம் ஐந்து. இன்னும் கொஞ்சம். கம்பி மீட்டுகிற பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே வாசித்தேன். அறையில் கிதார் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வந்துவிட்டது. இது சரி. யாரையும் தொந்தரவு பண்ணாது. அவளை ஃபோனில் கூப்பிட்டேன், "வரலாம்" என்றேன், "வந்துட்டே இருக்கேன், கீழதான்" என்றாள், கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறாள்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், நெற்றியெல்லாம் வேர்வை. "ஃபேனப் போடக்கூடாதா?"

"மைக்ல விழும்."

"சரி, வேகமா முடிப்போம்." வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தாள், மைக்கின் உயரத்தைச் சரி பண்ணினாள், துப்பட்டாவை எடுத்து நாற்காலியில் போட்டாள், அப்போது கழுத்தின் அந்தக் கோடு தெரிந்தது, மெல்லிய சங்கிலி மாதிரி, நான் பார்வையை ஆம்ப்புக்குத் திருப்பினேன். வாசிக்க ஆரம்பித்தேன். விரலால், மெதுவாக. ஒரு சுற்று போனது, அவள் உள்ளே வரவில்லை, இரண்டாவது சுற்றில் "பஸ்ஸு" என்றாள், நிறுத்தினாள். அவ்வளவுதான். உடைந்துவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல், என்ன சொல்வது, பரவாயில்லை, மெதுவா, இன்னொரு நாள்.

"என்ன இது?" என்றாள்.

"எது?"

"இந்தச் சத்தம். ஆம்ப் ஆன் பண்ணியிருக்கா?"

"லைட்டா வச்சிருக்கேன். உனக்குத்தான், உன் குரலுக்கு..."

"இது லைட்டா? ஆஸ்பத்திரி வராண்டாவுல செருப்பக் கையில தூக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கு." குரல் லேசாகத் தேய்ந்தது, கோபம் வந்தால் அப்படித்தான் ஆகிறது, நிறுத்தி எச்சில் விழுங்கினாள். "சிவம், நான் சாஞ்சுக்க ஏதாவது வேணும்ல. கீழ ஒண்ணுமே இல்லாம நான் எதப் பிடிச்சிட்டு நிக்கறது? குரல் பிசிறினா அது மட்டும்தான் தனியாக் கேக்கும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நேரம் வெளியேறிக்கொண்டே இருந்தேன், வழி விடுகிறேன் வழி விடுகிறேன் என்று அறையை விட்டே போய்விட்டேன். வீட்டிலும் அப்படித்தானோ. அதை இப்போது யோசிக்க வேண்டாம். கெயினில் கை வைத்தேன். "எவ்வளவு?"

"நீ ஏத்து, நான் சொல்றேன்."

இரண்டு. அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. மிடிலையும் ஏற்றினேன், ஐந்து, அவள் இடத்துக்குள்ளேயே வருகிறேனே என்று பார்த்தேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மாஸ்டர் கொஞ்சம். கெயின் மூன்றுக்குச் சற்றுக் கீழே. "அங்க வை," என்றாள். "பிக்க எடு. தடவாத, அடி."

அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப இன்னொண்ணு," என்றாள். "ஈ சுருதில வேண்டாம். சி-க்கு வா."

"இந்தப் பாட்டு எப்பவும் ஈ-லதானே..."

"எப்பவும்னா எப்ப?" அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ரெண்டு வாரமா ஸ்கூல்ல லைப்ரரியப் பூட்டிட்டு உள்ள நின்னு பாடிப் பாத்தேன். ஈ-ல மூணாவது அடி வராது. வரவே வராது, டாக்டர் சொன்ன அந்த ஒரு வருஷம் முடிஞ்சாலும் வராது. சி-ல இருக்கு. கீழ ஒரு இடம் இருக்கு, முன்னாடி எனக்கு அது இருந்ததே இல்ல."

பாடியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல். நான் ஸ்ட்ராவும் தம்ளரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், அவள் பூட்டின லைப்ரரியில் மூன்றாவது அடியைப் பாடிப் பார்த்து, வராது என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து தோசை சுட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போனேன், சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். சி-க்கு வந்தேன். ஈ-யில் இரண்டு விரலில் தடித் தடியாக அடித்துப் பழகின கை, இங்கே முழுக் கார்டும் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு விரலும் அதன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் உள்ளே வந்தாள்.

பஸ்ஸு போயிடுச்சு. இது யார் குரல். தாழ்ந்து, அகலமில்லாமல், நேராக, ஓரத்தில் கரகரவென்று, வெயிலில் காய்ந்த துணியைத் தொடுகிற மாதிரி, பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. பரவால்ல நடப்போம். கிதாரின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்னக் கிழிசலும் இந்தக் கரகரப்பும் எங்கே தொடுகின்றன என்று கேட்டுக்கொண்டே இருந்தவன் கார்டு மாறுவதைத் தவறவிட்டேன், விரல் ஒன்று பக்கத்துக் கம்பியில் விழுந்து செத்த சத்தம் வந்தது, மூட ஒன்றுமில்லை, அறை முழுக்கக் கேட்டது. அவள் நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது அடியில் அவளுக்கு மூச்சு முடிந்து கடைசி வார்த்தை காற்றானது, நானும் நிறுத்தவில்லை, அடுத்ததற்குப் போனேன், அவள் வந்து சேர்ந்துகொண்டாள். மூன்றாவது அடி. மேலே போகவேண்டிய இடத்தில் அவள் கீழே இறங்கினாள், நடப்போம் என்பதை இழுக்காமல் சும்மா சொன்னாள், நடக்கப் போகிறவர்கள் சொல்கிற மாதிரியே. கடைசிக் கார்டை அடித்து அடங்கவிட்டேன். அடங்கியது.

வெந்நீர் குடித்தாள். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "எப்பிடி?" என்றாள்.

நல்லா இருக்கு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எப்போதும் போல. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குத் தயாராக, அதை வாங்கி வைத்துக்கொள்ளவும் தயாராக.

"பழைய குரல் இல்ல," என்றேன்.

"தெரியும். அப்புறம்?"

"ரெண்டாவது அடியில மூச்சு பத்தல. நடுவுல எங்கயாவது எடுத்தாகணும். மூணாவது அடி..." நான் தேடினேன். "மூணாவது அடிய இனிமே மேல கொண்டு போகாத. நாளைக்கே மேல வந்தாலும் போகாத."

அவள் உதட்டைக் கடித்துச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "நீ அந்த ஜி கார்டுல சொதப்பின."

"ஆமா."

"அதப் பாரு மொதல்ல," என்றாள். மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டாள். "ரெண்டாவது அடியிலேர்ந்து. நான் பாதி அடியில மூச்சு எடுப்பேன், எனக்காக நிக்காத, நீ பாட்டுக்குப் போ."

விரல்களைச் சி-யில் வைத்தேன், ஒவ்வொன்றாக. அவள் காலால் தாளம் தட்டி எண்ணத் தொடங்கினாள்.